புறக்கோட்டைக் கடைக்கு பில் மென்பொருள்: பாவிக்கிறவர்களை எந்தக் கட்டத்தில் உள்ளே எடுப்பது?

நாலாம்குறுக்கு | வியாழன், இரவு 9.12

வணக்கம். நாங்கள் கொழும்பில் ஒரு சின்ன மென்பொருள் குழு. புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடைகளுக்கென்று பில், ஸ்டொக், கடன் கணக்கு மூன்றையும் ஒன்றாகப் பார்க்கிற ஒரு மென்பொருள் செய்யத் தொடங்கியிருக்கிறோம். பருப்பு, வெங்காயம், சீனி, செத்தல் மிளகாய் விற்கிற கடைகள்தான் முதல் இலக்கு. ஒரு முதலாளி முன்பணமும் தந்துவிட்டார்.

எங்கள் குழுவுக்குள் இரண்டு கட்சி. முழுதாகச் செய்து முடித்துவிட்டுக் கொண்டுபோய்க் காட்டுவோம், இப்போதே காட்டினால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், வேலை ஓடாது என்கிறது ஒரு கட்சி. நான் மற்றக் கட்சி. திரை எல்லாம் கடதாசியில் பென்சில் கோடாக இருக்கும்போதே, கடையில் பில் எழுதுகிறவரைப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்கிறேன். ஆனால் யாரை, எப்படி, எவ்வளவு தூரம் என்று திருப்பிக் கேட்டால் என்னிடமும் தெளிவான பதில் இல்லை.

சித்திரைப் புத்தாண்டு சீசன் தொடங்கிவிட்டால் அந்தத் தெருவில் யாரும் நின்று கதைக்க மாட்டார்கள். அதற்குள் முடிவெடுக்க வேண்டும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். புத்தகப் பதில் வேண்டாம், அது என்னிடமும் இருக்கிறது.


செமிகோலன் | வியாழன், இரவு 9.40

உங்கள் எதிர்க்கட்சிதான் சரி.

கடைக்காரரிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வார்? இப்போது இருக்கிற கொப்பி மாதிரியே இருக்க வேண்டும், ஆனால் கெதியாக இருக்க வேண்டும் என்பார். அடுத்த கடைக்காரர் நேர்மாறாகச் சொல்வார். இரண்டு பேரையும் கேட்டுச் செய்தால் ஒரே திரையில் ஐம்பது பொத்தான் வரும். இரண்டு பேருமே பாவிக்க மாட்டார்கள்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பங்கீட்டுக்கு வைத்த கியூ.ஆரைப் பாருங்கள். ஜூலையில் வந்தது. எந்த ஆட்டோக்காரரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள்? கிலோமீற்றர் கணக்கில் நின்ற வரிசை குறைந்ததா இல்லையா? தொழில் தெரிந்த நாலு பேர் ஓர் அறைக்குள் இருந்து முடிவெடுத்தால் போதும்.


கொச்சிக்கடைக்காற்று | வியாழன், இரவு 10.05

செமிகோலன் அண்ணா, கியூ.ஆரை முதலில் கொழும்பில் தெரிந்தெடுத்த சில நிலையங்களில் ஓடவிட்டுப் பார்த்துத்தான் நாடு முழுக்க விட்டார்கள். அதுவும் பாவனையாளரோடு செய்த வேலைதான்.

இன்னொன்று. ஆட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீட்டர் என்று தொடங்கினார்கள். வீட்டில் நிற்கிற ஆட்டோவுக்கும் 5, அதை ஓட்டிச் சோறு தின்கிறவருக்கும் 5. எங்கள் ஸ்டாண்டில் நிற்கிற ஒருவரைக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார். பிறகுதான் வாடகை ஆட்டோக்களைத் தனியாகப் பதிந்து கூட்டிக் கொடுத்தார்கள். கியூ.ஆரை ஒரு தடவை எடுத்தால் தாளில் அச்சடித்தும் காட்டலாம் என்று விட்டிருந்தது மட்டும் நல்ல விஷயம். ஸ்மார்ட் போன் இல்லாதவர்கள் அதை லேமினேட் செய்து சாவியோடு கொழுவிக்கொண்டு திரிந்தார்கள்.


கணக்கப்பிள்ளைவீடு | வெள்ளி, காலை 6.50

அப்பா ஐந்தாம் குறுக்குத் தெருவில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அங்கே ஒரு பில் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். இது தெரியாமல் திரை வரைந்து பிரயோசனமில்லை.

வாடிக்கையாளர் வாயால் சொல்வார்: “மைசூர் பருப்பு பத்து, பெரிய வெங்காயம் இருபது.” மூடைக்கணக்கு. அப்பா துண்டில் எழுதுவார், அடியில் கார்பன் தாள். மேல்துண்டைக் கிழித்து, மூடை சுமக்கிற நாட்டாமியிடம் நீட்டுவார். இரண்டு கையும் தள்ளுவண்டியில் இருப்பதால் நாட்டாமி துண்டை வாயில் கவ்விக்கொண்டு ஸ்டோருக்குப் போவார். ஸ்டோர் அடுத்த சந்துக்குள். அங்கே மூடை ஏற ஏற ஸ்டோர்காரர் துண்டின் ஓரத்தில் கோடு போடுவார், நாலு நேர்க்கோடு, ஐந்தாவது குறுக்கே. லொறியில் ஏற்றி முடிந்ததும் துண்டு திரும்பி வந்து மேசையில் நிமிர்ந்து நிற்கிற கம்பியில் குத்தப்படும். பின்னேரம் கம்பியில் இருப்பதையும் கார்பன் பிரதியையும் அப்பா ஒத்துப் பார்ப்பார். ஒன்று குறைந்தால் எங்கோ மூடை போயிருக்கிறது. காசா, கடனா, பின்திகதி போட்ட செக்கா என்பதுகூட அனேகமாக மூடை ஏறிய பிறகுதான் தீர்மானமாகும்.

ஒருகட்டத்தில் முதலாளி ஒரு மென்பொருள் வாங்கினார். யாருடையது என்பது இங்கே தேவையில்லை. முதல் திரையிலேயே வாடிக்கையாளர் பெயரும் தொலைபேசி இலக்கமும் கேட்கும். கொடுக்காமல் அடுத்த திரைக்கு விடாது. வந்து நிற்கிறவரோ லொறிச் சாரதி. மாத்தளைக் கடைக்குச் சாமான் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. கவுண்டரில் இருந்த பெடியன் என்ன செய்தான்? “ஏஏ” என்று ஒரு வாடிக்கையாளரை உண்டாக்கி, போன் இலக்கத்துக்குப் பத்துப் பூச்சியம் அடித்தான். கொஞ்சக் காலத்தில் கடையின் மிகப் பெரிய வாடிக்கையாளர் திருவாளர் ஏஏ. வருடக் கடைசியில் முதலாளி அறிக்கையைப் பார்த்துவிட்டு, இவருக்கு ஒரு டயரி அனுப்புங்கள் என்றாராம். அப்பா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

கம்பியும் துண்டும் போகவே இல்லை. கணினியிலும் அடித்து, துண்டிலும் எழுதி, வேலை இரட்டிப்பானதுதான் மிச்சம். அந்த மென்பொருள்காரர்கள் முதலாளியோடு தேநீர் குடித்தார்கள், விலை பேசினார்கள், ஆனால் அப்பாவோடு ஒரு சொல் கதைக்கவில்லை.


நாலாம்குறுக்கு | வெள்ளி, காலை 8.15

திருவாளர் ஏஏ! எங்கள் முதல் திரையும் வாடிக்கையாளர் பெயரில்தான் தொடங்குகிறது. இதை அப்படியே எடுத்து எங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன்.


மட்டைப்பெட்டி | வெள்ளி, பகல் 12.30

நான் பத்தரமுல்லைப் பக்கம் ஒரு நிறுவனத்தில் வடிவமைப்பில் இருக்கிறேன். செமிகோலன் சொல்வதில் பாதி சரி. என்ன வேண்டும் என்று கேட்டுப் பட்டியல் எடுப்பது வீண் வேலை. ஆனால் பாவனையாளரை உள்ளே எடுப்பது என்றால் பட்டியல் எடுப்பது என்று யார் சொன்னது?

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விளங்கும். 1970களின் தொடக்கத்தில் நோர்வேயில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம் கிறிஸ்டன் நைகார்ட் என்ற கணினி அறிஞரோடு சேர்ந்தது. சிமுலா என்ற நிரல்மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர் அவர். தொழிற்சாலைக்குள் கணினி வருகிறது, அது எங்கள் வேலையை என்ன செய்யும், அதில் எங்களுக்கு என்ன பேச்சுரிமை என்பதுதான் தொழிலாளர் கேட்ட கேள்வி. பொத்தான் என்ன நிறம் என்பதல்ல.

அதற்குப் பிறகு 1981இலிருந்து 1985வரை யுடோப்பியா என்று ஒரு திட்டம். பத்திரிகை அச்சகங்களில் எழுத்துக்கோப்பவர்கள், பக்கம் கட்டுகிறவர்கள், அவர்களுடைய தொழிற்சங்கங்கள், கணினிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து செய்தது. பக்கம் வடிவமைக்கிற கணினி அப்போது கைக்கெட்டாத விலை. வெறும் மட்டைப்பெட்டியை மேசையில் வைத்து, இதுதான் லேசர் அச்சுப்பொறி என்று எழுதி ஒட்டி, திரைக்குப் பதில் தாளை மாற்றி மாற்றி வைத்து, நாளைக்குச் செய்யப்போகிற வேலையை இன்றைக்கே செய்து பார்த்தார்கள். கை எங்கே போகிறது, எங்கே தடுமாறுகிறது என்பது அப்போதுதான் தெரியும். என் பெயருக்கும் அதுதான் காரணம், பொதி அனுப்புகிற வேலை இல்லை.

அமெரிக்காவிலும் ஒன்று நடந்தது. 1984 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக்கு ஐ.பி.எம். 12 மொழிகளில் குரல் செய்தி அனுப்புகிற ஒரு முறையைச் செய்தது. நிரல் எழுதுவதற்கு முன்பே பாவனைக் கையேட்டைத் தாளில் எழுதிச் சனத்திடம் வாசிக்கக் கொடுத்தார்கள். உள்ளே ஒன்றுமில்லாத ஒரு வெற்றுக் கூண்டை நடைவழியில் நிறுத்தி, போகிற வருகிறவர்களிடம் குறை சொல்லச் சொன்னார்கள். குறை வந்தால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம். நிரல் எழுதி முடித்த பிறகு வந்தால் கிழிக்க மனம் வருமா?

நாலாம்குறுக்கு தம்பி, எத்தனை பேர் வேண்டும் என்று எப்படியும் கேட்பீர்கள். பாவனைச் சோதனை நிபுணர் யாக்கோப் நீல்சன் சொன்ன ஐந்து பேர் கணக்கு உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஐந்து பேரை வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 85 சதவீதச் சிக்கல் தெரிந்துவிடும் என்பது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை ஐந்து பேரைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் நிறைய. அவர் சொன்னது, ஐந்து பேரைப் பார், திருத்து, திரும்பவும் ஐந்து பேரைப் பார் என்று. வேலை வேறு வேறு என்றால் ஒவ்வொரு வேலைக்கும் தனியாக ஆள் பார்க்க வேண்டும். உங்கள் கடையில் கணக்கப்பிள்ளை, ஸ்டோர்காரர், நாட்டாமி, முதலாளி என்று நாலு வகைப் பாவனையாளர் இருக்கிறார்கள்.


செமிகோலன் | வெள்ளி, பிற்பகல் 2.10

நோர்வேயில் சங்கம் இருந்தது. சட்டம் இருந்தது. நாலாம் குறுக்குத் தெருவில் என்ன இருக்கிறது? முதலாளி முன்னால் கணக்கப்பிள்ளையை உட்கார வைத்து இந்தத் திரை எப்படி என்று கேளுங்கள். “நல்லா இருக்கு சேர்” என்பார். நாட்டாமி சிரித்துவிட்டுப் போய்விடுவார். அவர்கள் வாயைத் திறக்காத ஊரில் உங்கள் மட்டைப்பெட்டி என்ன செய்யும்?

எங்கள் அலுவலகச் சுவரிலும் ஐ.எஸ்.ஓ. 9241-210 தரத்தின் கொள்கைகளை அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். பாவனையாளர் வடிவமைப்பு முழுக்கப் பங்குபற்ற வேண்டும் என்று அதிலும் இருக்கிறது. அதற்கு நேர் கீழேதான் தேநீர் மெஷின். இதுவரை ஒரு பாவனையாளரும் அந்தச் சுவர்வரை வந்ததில்லை.


கெய்ஸர்வீதி | வெள்ளி, மாலை 5.45

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் துணி மொத்த வியாபாரம். இந்த இழையில் எல்லோரும் முதலாளியைத்தான் அடிக்கிறீர்கள், சரி, ஒரு முதலாளி பேசட்டும்.

என்னிடமும் வந்தார்கள். அழகாக ஸ்லைட் போட்டுக் காட்டினார்கள். எனக்கு வேண்டியதை நான் சொன்னேன்: எந்தச் செக் எந்தத் திகதிக்கு வங்கிக்குப் போக வேண்டும், எந்தக் கடை பாக்கி வைத்திருக்கிறது, எந்த ரோல் நகரவில்லை. அதைச் செய்து தந்தார்கள், வடிவாகவே இருந்தது. ஆனால் அதற்குள் விபரத்தைப் போடுவது நான் இல்லையே? முழத்தை யார் அளக்கிறாரோ அவர் போட வேண்டும். அவருக்கு நேரம் இல்லை. என் அறிக்கை எப்போதும் மூன்று நாள் பழசு.

ஆகவே கணக்கப்பிள்ளைவீடு சொன்னது உண்மை. ஆனால் ஒன்று கேளுங்கள். ஓர் அந்நிய ஆள் கொப்பியும் பேனையுமாக என் கடைக்குள் வந்து மூலையில் உட்கார்ந்து என் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தால், பக்கத்துக் கடைக்காரன் என்ன நினைப்பான்? வற் வரிக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்றுதான். ஒரு மணித்தியாலத்தில் தெரு முழுக்கக் கதை போய்விடும். அதனால்தான் நாங்கள் உள்ளே விடுவதில்லை. வேறு மர்மம் ஒன்றும் இல்லை. (கொஞ்சம் இருக்கலாம்.)


மட்டைப்பெட்டி | வெள்ளி, மாலை 6.20

நானா, அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பதற்காகவே உங்களுக்கு ஒரு தேநீர்.


நடைபாதை | வெள்ளி, இரவு 8.55

மென்பொருள் எனக்குத் தெரியாது. நான் நகரத் திட்டமிடல் பக்கம். ஆனால் பாவிக்கிறவர்கள் வாயைத் திறக்காத ஊர் என்று செமிகோலன் எழுதியதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதே கொழும்பில் அது நடந்திருக்கிறது.

1984இலிருந்து 1989வரை பத்து இலட்சம் வீட்டுத் திட்டம். பிரேமதாசவின் காலம். அதற்கு முன்பு அரசாங்கம் தானே வீடு கட்டிக் கொடுத்துப் பார்த்தது, காசு போதவில்லை. பிறகு, சனமே கட்டட்டும், நாங்கள் கடனும் காணியும் வழியும் கொடுப்போம் என்று திருப்பினார்கள். கொழும்புத் தோட்டங்களில், அதாவது நெருக்கமான குடிசைக் குடியிருப்புகளில், சமூக அபிவிருத்திச் சபைகள் அமைத்தார்கள். தோட்டத்துச் சனமும் அதிகாரிகளும் ஒன்றாக இருந்து கதைத்தார்கள்: ஒழுங்கை எவ்வளவு அகலம், தண்ணீர்க் குழாய் எங்கே, எந்த வீட்டுச் சுவர் எவ்வளவு பின்வாங்க வேண்டும். கிராண்ட்பாஸ் பக்கம் நவகம்புரவில் இரண்டு பேர்ச் (ஏறத்தாழ 50 சதுர மீற்றர்) காணித் துண்டுகள். வழமையான கட்டட விதிக்கு அது மிகச் சின்னது. அவ்வளவு சின்னக் காணிக்கு என்ன கட்டட ஒழுங்கு பொருந்தும் என்பதைக் குடியிருக்கப் போகிறவர்களே உட்கார்ந்து வகுத்தார்கள். பாவனையாளர் பங்கேற்பு என்ற பேச்சு இங்கத்தைய மென்பொருள் கம்பனிகளுக்கு வருவதற்கு முன்பே கிராண்ட்பாஸ் சனம் அதைச் செய்துவிட்டது.

எல்லாம் பூரணம் என்று சொல்லவில்லை. கடன் திரும்பாத கதை இருக்கிறது, அரசியல் கட்சிக்காரர் சபைக்குள் புகுந்த கதையும் இருக்கிறது.

இப்போது மற்றப் பக்கம். பிற்காலத்தில் வந்த தொடர்மாடிகளில் ஒன்றுக்கு நான் அடிக்கடி போவேன், எது என்று சொல்லப்போவதில்லை. கீழே தோட்டத்தில் இருந்தபோது ஓர் அம்மா காலையில் வாசலில் இடியப்பம் அவித்து விற்றார். இப்போது அவர் ஒன்பதாம் மாடி. வாசல் என்பது கால் வைக்க மட்டுமான நடைவழி. வாங்க வருகிறவர் லிப்ட் பிடித்து வர வேண்டும். வரைபடத்தில் அவருக்கு இரண்டு அறை, குளியலறை, சமையல் மூலை எல்லாம் சரியாக இருக்கிறது. அவருடைய கடை மட்டும் வரைபடத்தில் இல்லை, ஏனென்றால் வரைந்தவருக்கு அது ஒரு கடை என்றே தெரியாது.

வடக்கு கிழக்கிலும் இதே கதைதான். போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் பெரும்பாலானவை உரிமையாளர் தாமே கட்டியவை. வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டங்கட்டமாக வந்தது, மேசனைப் பிடிப்பதும் சீமெந்து வாங்குவதும் வீட்டுக்காரர். அந்தக் காசு போதவில்லை என்று கடன்பட்டவர்களும் உண்டு. ஆனால் குசினி எங்கே, கதவு எந்தத் திசை என்பது அவர்கள் முடிவு. பிறகு 65,000 இரும்பு வீடு என்று ஒரு திட்டம் வந்தது. வீடு ஒன்றுக்கு 20 இலட்சத்துக்கு மேல். தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பூட்டுவது. அந்த வெயிலில் இரும்புக்குள் எப்படி இருப்பது, விறகடுப்பு எங்கே வைப்பது, பிள்ளை கலியாணம் கட்டினால் ஓர் அறை எப்படி இறக்குவது என்று சனமும் பொறியியலாளர்களும் கேட்டார்கள். எதிர்ப்பு வலுத்து, அறிவித்த அளவில் அது நடக்கவில்லை. கேட்ட கேள்வியெல்லாம் படம் வரைகிற அன்றைக்கே கேட்டிருக்கக்கூடிய கேள்விகள்.


செமிகோலன் | வெள்ளி, இரவு 9.30

வீடு வேறு. அதில் ஒருவர் முப்பது வருடம் இருக்கப் போகிறார். பில் மென்பொருளை மூன்று வருடத்தில் தூக்கி எறிவார்கள்.


நடைபாதை | வெள்ளி, இரவு 9.34

கணக்கப்பிள்ளை ஒரு நாளில் வீட்டில் விழித்திருக்கிற நேரத்தைவிட அந்தத் திரைக்கு முன்னால் இருக்கிற நேரம்தான் கூட.


கடற்கரைப்பக்கம் | சனி, காலை 9.00

இடையில் ஒரு கேள்வி. தமிழில் தட்டச்சு எப்படி வைக்கப் போகிறீர்கள்? நான் பாமினி விசைப்பலகையில் பழகியவள். தமிழ்நாட்டுக்காரர் செய்த ஒரு செயலியில் தமிழ்99 மட்டும்தான் இருந்தது. என் விரல் அதற்கு வளையவே இல்லை.


மட்டைப்பெட்டி | சனி, காலை 9.25

அக்கா, நல்ல கேள்வி. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித்தான் தமிழ்99 வந்தது. அறிவியலாகப் பார்த்தால் கற்க லேசானது என்பார்கள். ஆனால் இங்கே அலுவலகங்களில் இருந்தவர்களுக்கு தட்டச்சு இயந்திரத்துப் பழக்கம். 2008இல் வந்த எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலங்கைத் தரம் ரெங்கநாதன் விசைப்பலகையை எடுத்தது, அதுவும் தட்டச்சு இயந்திர வழி வந்ததுதான். எது சிறந்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஏற்கெனவே வேலை செய்கிற விரலைத் தள்ளிவிட்டுச் செய்ய முடியாது என்று மட்டும் சொல்கிறேன்.

ஆனால் கடைக்காரருக்கு இது பெரிய விஷயம் அல்ல. அவர் தட்டச்சே செய்யக்கூடாது. அவர் இலக்கம்தான் அடிப்பார்.


மூன்றுபடி | சனி, பிற்பகல் 3.15

சக்கர நாற்காலியில் இருப்பவன். “பாவனையாளரை உள்ளே எடுப்பது” என்ற பேச்சு எனக்கு நன்றாகப் பழக்கம், ஏனென்றால் என்னைத்தான் அடிக்கடி எடுப்பார்கள், திறப்பு விழாப் படத்துக்கு.

சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். கட்டடங்களுக்குள் எல்லோரும் போய்வர வழி வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகளும் வந்தன. 2011இல் உச்ச நீதிமன்றமும் உத்தரவு போட்டது. எல்லாம் இருக்க, காலி வீதியில் ஓர் இடத்தில் சாய்தளம் ஒன்று புதிதாகப் போட்டார்கள். 1 அடி ஏறுவதற்கு 12 அடி நீளம் என்பது உலகம் முழுக்கப் பழகிய கணக்கு. இது அதில் பாதி நீளம்கூட இல்லை. சரி, யாராவது பின்னால் தள்ளினால் ஏறலாம். ஏறிப் போனால் மேலே கண்ணாடிக் கதவு, வெளிப்பக்கம் இழுத்துத் திறப்பது. கதவை இழுத்தால் நாற்காலி பின்னுக்கு உருளும். நாற்காலியைப் பிடித்தால் கதவை இழுக்க முடியாது. எனக்கு இருப்பது இரண்டு கை.

அதைக் கட்டுவதற்கு முன் என்னை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய், சோக்கால் தரையில் கோடு போட்டு, இங்கே கதவு வந்தால் எப்படி என்று கேட்டிருந்தால் செலவு ஒரு சோக்குக் கட்டி. கட்டி முடித்த பிறகு கூப்பிட்டு, எப்படி இருக்கிறது என்று மைக்கை நீட்டினார்கள். நான் என்ன சொல்ல? கொங்கிறீட் காய்ந்துவிட்டது.


செமிகோலன் | சனி, பிற்பகல் 3.50

உங்கள் விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். நான் சொல்வது, அந்த அறிவு உங்களிடம் இருக்கிறது என்பதற்காகக் கட்டடத்தை உங்களை வரையச் சொல்ல முடியாது என்பதை.


மூன்றுபடி | சனி, மாலை 4.02

வரையக் கேட்கவில்லை. வரைகிற மேசையில் ஒரு பக்கம் கேட்டேன். மற்றப் பக்கத்தில் நீங்களே இருங்கள்.


மேற்பார்வை | சனி, மாலை 4.30

இழை வீடு, விசைப்பலகை, சாய்தளம் என்று ஊரெல்லாம் சுற்றுகிறது. நல்லதாகத்தான் போகிறது, பிரிக்கவில்லை. ஆள்மேல் பாயாமல் எழுதுங்கள்.


நாலாம்குறுக்கு | செவ்வாய், இரவு 10.20

எல்லோருக்கும் நன்றி. திங்கள் மத்தியானம், தெரு கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், கடைக்குப் போனோம். கெய்ஸர்வீதி நானா சொன்ன வற் கதையை நினைத்து, கொப்பி கொண்டுபோகவில்லை. பிஸ்கட் பெட்டி ஒன்றை வெட்டி, திரை அளவுக்கு ஓட்டை போட்டு, உள்ளே தாள்களைச் செருகிக் கொண்டுபோனோம். முதலாளியைத் தெருமுனைக் கடையில் தேநீர் குடிக்கக் கூட்டிப்போகும் பொறுப்பை எங்கள் சந்தைப்படுத்தல் ஆளிடம் கொடுத்தோம்.

பெட்டியைக் கணக்கப்பிள்ளையின் மேசையில் வாடிக்கையாளரும் பார்க்கிற மாதிரி நடுவில் வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளைக்கூடப் பார்க்கவில்லை. முதல் வேலையாகப் பெட்டியைத் தூக்கிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

ஏன் ஐயா என்று கேட்டேன். “ஆளுக்கொரு விலை தம்பி. நீங்கள் போன தடவை விலையைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். ஹற்றன்காரர் நிற்கும்போது குருநாகல்காரரின் விலை திரையில் நின்றால் எனக்கு வேலை போகும்.”

போன தடவை விலையைப் பெரிய எழுத்தில் காட்டுவதுதான் எங்கள் மென்பொருளின் பெருமையான அம்சம். விளம்பரத் தாளில் முதல் வரி அது.

அதோடு அவர் நிற்கவில்லை. பென்சிலை வாங்கி, விலைக்கட்டத்தை அடித்துவிட்டு ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி போட்டார். விரல் வைத்திருக்கும்வரை விலை தெரிய வேண்டும், எடுத்தால் மறைய வேண்டும் என்றார். எங்களில் யாருக்கும் வராத யோசனை. பிறகு வாடிக்கையாளர் பெயரைக் கடைசித் தாளுக்கு மாற்றினார். ஊர்ப் பெயர் போதும், மாத்தளை, ஹற்றன், சிலாபம் என்று, ஆள் யார் என்பதைப் பின்னேரம் ஓய்வாகப் போடுவேன் என்றார்.

நாட்டாமி ஒருவரும் எட்டிப் பார்த்தார். முதலில் சிரித்தார், செமிகோலன் சொன்ன அதே சிரிப்பு. துண்டு மாதிரி அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தோம். தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எழுத்துச் சின்னன் என்றார். பருப்பின் பெயரை எழுதுவதைவிட மூடையில் இருக்கிற படத்தைப் போடுங்கள் என்றார். ஸ்டோருக்குள் வெளிச்சம் குறைவு, அடுக்கில் அவர் தேடுவது அந்தப் படத்தைத்தானாம். தாள் தடிப்பாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். ஏன் என்று கேட்கவில்லை, வாயில் கவ்வுகிற விஷயம் இங்கே படித்திருந்தேன்.


கணக்கப்பிள்ளைவீடு | செவ்வாய், இரவு 10.41

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். விரல் வைத்தால் விலை என்பதைக் கேட்டதும், “அது ஆர் அந்தக் கணக்கப்பிள்ளை?” என்று மட்டும் கேட்டார்.


செமிகோலன் | செவ்வாய், இரவு 11.05

நல்ல விஷயம். ஆனால் பெட்டியைத் திருப்புவதை நானும் ஒரு மணித்தியாலம் தெருவில் நின்று பார்த்திருந்தால் ஊகித்திருப்பேன். விலையைத் துண்டில் மறைத்து எழுதுவது தெரிந்த கதைதானே.


மட்டைப்பெட்டி | புதன், காலை 7.30

ஊகித்திருப்பீர்கள். விலையை மறைக்க வேண்டும் என்பதுவரை. மறைப்பதற்கு நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? கடவுச்சொல் வைத்திருப்பீர்கள். லொறி காத்து நிற்கும்போது ஒவ்வொரு மூடைக்கும் கடவுச்சொல். அவர் விரலைக் காட்டினார், ஏனென்றால் அவர் கை அந்த மேசையில் எப்படி ஓடும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

நாலாம்குறுக்கு தம்பி, இனித்தான் கஷ்டமான இடம் வருகிறது. முதலாளி தேநீர் குடித்துவிட்டு வந்து என்ன சொன்னார்?


நாலாம்குறுக்கு | புதன், பகல் 1.10

சரியாகப் பிடித்தீர்கள் அக்கா. அவருக்கு விலை மறைவது பிடித்தது. ஆனால் யார் எத்தனை மணிக்கு எந்த பில்லைப் போட்டார், ஒரு பில்லுக்கு எத்தனை நிமிடம் எடுத்தார் என்று தன் போனுக்கு வர வேண்டும் என்கிறார். காசு அவருடையது. கணக்கப்பிள்ளையிடம் இதை இன்னும் சொல்லவில்லை.


கெய்ஸர்வீதி | புதன், பகல் 1.45

அதைச் செய்தால் அடுத்த நாளே ஏஏ திரும்பி வருவார். என் கடையிலும் ஒரு காலத்தில் கமரா வைத்துப் பார்த்தேன். கமரா விழாத மூலையில் வேலை வேகமாக நடந்தது. முதலாளிக்கு வேண்டியது மூடை குறையக்கூடாது என்பதுதான். நிமிடக் கணக்கைக் கேட்பது அதற்கு வேறு வழி தெரியாததால். கம்பியில் குத்துகிற துண்டையும் பில்லையும் ஒத்துப் பார்த்து, குறைந்தால் மட்டும் அவர் போனுக்கு அனுப்புங்கள். நான் சொன்னதாகச் சொல்லுங்கள், வியாபாரிக்கு வியாபாரி சொன்னால் கேட்பார்.


மட்டைப்பெட்டி | புதன், பகல் 2.00

நானா சொன்னதைக் கணக்கப்பிள்ளை இருக்கும்போதே முதலாளியிடம் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் நிமிட எண்ணியை உள்ளே வைத்தால், திங்கட்கிழமை அவர் போட்ட பென்சில் கோட்டை அவருக்கு எதிராகவே பாவித்ததாகிவிடும். பிறகு அந்தத் தெருவில் உங்கள் பெட்டிக்கு முன்னால் ஒருவரும் உட்கார மாட்டார்கள்.


செமிகோலன் | புதன், மாலை 6.15

நான் இன்னும் என் கட்சியில்தான். ஆனால் அடுத்த தடவை பெட்டி கொண்டுபோகிற நாளைச் சொல்லுங்கள், பார்க்க வேண்டும். ஒரு கேள்வி: அந்த ஆட்களுக்கு என்ன கொடுத்தீர்கள்?


நாலாம்குறுக்கு | புதன், மாலை 6.40

தேநீரும் ரோல்ஸும். யோசித்துக்கொண்டிருக்கிறேன், அடுத்த தடவைக்கு எவ்வளவு என்று.


மூன்றுபடி | புதன், மாலை 7.05

உங்கள் ஆலோசகருக்கு மணித்தியாலத்துக்குக் கொடுக்கிறீர்கள்தானே, அதிலிருந்து தொடங்குங்கள். எனக்கு நினைவுப் பரிசும் ரோல்ஸும் தந்து தந்து வீட்டில் அலுமாரி நிறைந்துவிட்டது.

கணக்கப்பிள்ளைக்குச் சம்பளம் ஓடும். நாட்டாமிக்கு அப்படி இல்லை, மூடைக்குத்தான் கூலி. உங்களோடு அரை மணித்தியாலம் நின்றால் அவருக்குப் போகிற மூடை எத்தனை என்று அவரிடமே கேட்டு, அதற்கு மேலே ஏதாவது போட்டுக் கொடுங்கள். முதலாளி கையில் கொடுக்க வேண்டாம், அவர் கையிலேயே கொடுங்கள்.